55 சென்ட் புல்லுக்கு பட்ஜெட் போட்ட கதை: ஒரு கல்யாண மண்டபத்தோட ரெண்டு வருசக் கணக்கு

நான் கணக்கு பாக்குற மண்டபம் மதுரையில ஒத்தக்கடை தாண்டி மேலூர் போற ரோட்டுல இருக்கு. பின்னாடி யானைமலை, முன்னாடி 24,000 சதுர அடிக்கு புல்லுத்தரை, நம்ம கணக்குல சொன்னா 55 சென்ட். ரிசப்ஷன் அன்னிக்கி சாயங்காலம் லைட்டப் போட்டா மலையும் புல்லும் சேந்து போட்டோவுல அம்புட்டு அழகா விழும், பாக்க வர்ற பார்ட்டில பாதிப் பேரு ஹாலப் பாத்து அட்வான்ஸ் குடுக்குறதில்ல, லானப் பாத்துத்தான் குடுக்குறாங்க. அதனால புல்ல எடுத்துட்டு கல்லப் பதிச்சுருவோம்ங்கிற பேச்சுக்கே எடமில்ல. ஆனா அந்தப் புல்லுக்கு வருசத்துக்கு எவ்வளவு ஆகும்னு கேட்டா 2022-23ல எங்க யாருக்கும் தெரியாது, தெரியும்னு நெனச்சுக்கிட்டு இருந்தோம்.

கீழ வர்ற ரேட்டு எல்லாம் எங்களுக்கு வந்த ரேட்டு, நாங்க குடுத்த கூலி. உங்க பக்கம் கூடக்கொறைய இருக்கும், காச விட்டுட்டு கணக்குப் போட்ட வழிய மட்டும் எடுத்துக்கோங்க.

மொத வருசம் நடந்தது இது. தை மாசம் மூணு பேருகிட்ட கொட்டேஷன் கேட்டோம், ஒருத்தரு சதுர அடிக்கு மாசம் 1 ரூபா 25 காசுன்னாரு, மத்த ரெண்டு பேரும் அதுக்கு மேல. 24,000 அடிக்கு மாசம் 30,000, வருசத்துக்கு 3,60,000, 18 சதவீதம் ஜிஎஸ்டி 64,800, ஆக மொத்தம் 4,24,800. மொதலாளி "சரிய்யா, நாலேகால் லட்சம்னு எழுதிக்க"ன்னாரு, நானும் எழுதிக்கிட்டேன், அம்புட்டுதான் எங்க பட்ஜெட். ஒரு ஷீட்டுல ஒரே ஒரு லைன்.

இப்ப யோசிச்சா கொட்டேஷன் கேட்ட மாசமே தப்பு. ஐப்பசி கார்த்திகை மழையக் குடிச்சுட்டு, பனியில நனைஞ்சுக்கிட்டு, தையில எந்தப் புல்லும் மதுரையில பச்சைப் பசேல்னுதான் இருக்கும். வந்தவரு சுத்திப் பாத்தாரு, நல்லா இருக்கேன்னு ரேட்டச் சொன்னாரு. நாமளும் இந்தப் பச்சைய வருசம் பூரா வச்சுக்கத்தான் இந்தக் காசுன்னு புரிஞ்சுக்கிட்டோம். ஒப்பந்தம் ஆரம்பிச்சது ஏப்ரல் 1. அதாவது வருசத்துலயே புல்லுக்கு ஆகாத நேரத்துல. சித்திரை வெயிலு அடிக்க அடிக்க மே மாசம் அக்கினி நட்சத்திரத்துக்குள்ள போர்ல தண்ணி நூலா வருது, புல்லு வைக்கோல் கலருல கெடக்குது.

காண்ட்ராக்டரப் பிடிச்சு கேட்டா ஒப்பந்தத்த எடுத்து நீட்டுறாரு. மாசம் எட்டு நாளு ரெண்டு ஆளு வருவாங்க, வெட்டுவாங்க, ஓரம் கட்டுவாங்க, களை பாப்பாங்க. தண்ணி மண்டபத்துப் பொறுப்பு, உரம் மருந்தும் மண்டபத்துப் பொறுப்பு, பங்ஷனுக்கு முந்தின நாள் தனியா கூப்புட்டா ஒரு தடவைக்கு 3,000. எல்லாம் சின்ன எழுத்துலகூட இல்ல, நல்லா பெருசாத்தான் இருந்துச்சு. நாங்கதான் படிக்கல. அவரு மேல கோவப்பட்டு என்ன செய்ய.

மார்ச் கடைசில வவுச்சரயெல்லாம் அள்ளிப் போட்டு உக்காந்தேன். லாரித் தண்ணி 60 லோடு, 12,000 லிட்டர் லாரி 1,400 ரூபா, 84,000. பந்தக்காலு நட்ட எடம், கேட்டரிங் அடுப்பு வச்ச எடம்னு செத்துப்போன 2,400 அடிக்கு புதுசா புல்லுப் பத்தை ஒட்டுனது, அடிக்கு 18 ரூபா வீதம் 43,200. உரம் மருந்து 27,500. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் தனியா கூப்புட்டது 14 தடவை, 42,000. இது நாலும் கைல வவுச்சர் இருக்கு. அஞ்சாவதுக்கு வவுச்சரே இல்ல, அது மோட்டார் கரண்டு. மண்டபத்து ஈபி பில்லுக்குள்ள அது ஒளிஞ்சுக்கிட்டு இருந்துச்சு, ஏசி, லைட்டு, கிச்சன் எல்லாத்தோடயும் கலந்து ஒரே தொகையா வர்றப்ப புல்லுக்கு எவ்வளவுன்னு எவன் பாப்பான். 5 எச்பி மோட்டாரு, ஒரு எச்பிக்கு 0.746 கிலோவாட், அப்ப 3.73. நாளைக்கு மூணு மணி நேரம் ஓடுனா 11 யூனிட்டுக்கு மேல, வருசத்துல 250 நாளுன்னா 2,800 யூனிட். எங்க பில்லுல சராசரி யூனிட்டுக்கு ரவுண்டா 10 ரூபா வருது, 28,000 ஆச்சு.

கூட்டுனா 2,24,700. நாலேகால் லட்சத்துக்கு மேல இது. மொத்தம் 6,49,500, அதாவது போட்ட பட்ஜெட்டுக்கு மேல பாதிக்கும் கூடுதலு. மொதலாளி கண்ணாடியக் கழட்டிட்டு "இந்தக் காசுக்கு புல்லு திங்கிற மாட்ட வாங்கியிருந்தா பாலாவது கறந்துருக்கலாம்"ன்னாரு.

இதுல ஜிஎஸ்டி பத்தி ஒண்ணு சொல்லணும், ஏன்னா நானே தப்பாப் போட்டிருந்தேன். மண்டப வாடகைக்கு நாங்க 18 சதவீதம் வாங்கிக் கட்டுறோம், அதனால காண்ட்ராக்டர் பில்லுல இருக்குற 64,800 எங்களுக்கு செலவே இல்ல, இன்புட்டா, அதாவது நாங்க கட்டுற வரில கழிச்சு எடுத்துக்கலாம்னு ஆடிட்டர் சொன்னாரு. ஆனா காண்ட்ராக்டரு ரிட்டர்ன் போட்டாத்தான் நமக்கு 2பி-ல (கழிச்சுக்கக்கூடிய வரியக் காட்டுற ஜிஎஸ்டி ஸ்டேட்மென்ட்) வரும், மூணு மாச பில்லு அதாவது 16,200 ரொம்ப நாளா வரவே இல்ல, போனு போட்டுப் போட்டு வாங்க வேண்டியதாப் போச்சு. அப்புறம் அவருக்குக் குடுக்குற காசுல டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிச்சுக் கட்டுற வருமான வரி) பிடிக்கணும், தனி ஆளுன்னா 1 சதவீதம், பார்ட்னர்ஷிப்போ கம்பெனியோன்னா 2, ஜிஎஸ்டி போக உள்ள தொகைக்குத்தான். சின்ன விசயம்தான் ஆனா வருசக் கடைசில இது ரெண்டும்தான் என் தூக்கத்தக் கெடுத்துச்சு. ஆக நெசமான மொத வருசச் செலவு 64,800 போக 5,84,700. இனிமே ஒப்பிடுறதெல்லாம் இத வச்சு.

ரெண்டாவது வருசத்துக்கு நான் சதுர அடி ரேட்டத் தூக்கி ஓரமா வச்சுட்டேன். அது காண்ட்ராக்டருக்கு வசதியான அளவு, நமக்கு இல்ல. புல்லு சதுர அடி கேக்குறதில்ல, தண்ணியக் கேக்குது, ஆளக் கேக்குது. அதனால லிட்டரும் ஆள் நாளும் (ஒரு ஆளு ஒரு நாள் பாக்குற வேலை) வச்சுத் திரும்ப ஆரம்பிச்சேன்.

தண்ணிக் கணக்கு ரொம்ப சுலபம், பள்ளிக்கூடத்துல படிச்சதுதான். ஒரு சதுர மீட்டர்ல ஒரு மில்லிமீட்டர் ஒசரத்துக்கு தண்ணி நின்னா அது ஒரு லிட்டர். 24,000 சதுர அடின்னா 2,230 சதுர மீட்டர் சுமாரு. கோடையில நம்ம ஊரு வெயிலுக்கு நாளைக்கு 5 மில்லிமீட்டர் வேணும்னு வச்சா 11,150 லிட்டர், அதாவது தெனம் கிட்டத்தட்ட ஒரு லாரி. எங்க போரு மே மாசத்துல குடுத்தது நாளைக்கு 6,000 லிட்டர் இருக்கும். மிச்சம் எங்கிட்டு இருந்து வரும்? இந்த ஒரு கணக்க ஏப்ரல் 1க்கு முன்னாடி போட்டிருந்தா 84,000 ரூபா எங்கள அடிச்சுருக்காது, இல்ல அடிக்கப் போகுதுன்னாச்சும் தெரிஞ்சிருக்கும்.

இன்னொண்ணு, அந்த 60 லோடுல எவ்வளவு புல்லுக்குள்ள போச்சுன்னு யாருக்குத் தெரியும். தண்ணி விட்டது வாட்ச்மேன். அவருக்கு வேற சோலி இருக்குல்ல, மத்தியானம் சாப்புட்டு வந்து ஓஸ் பைப்ப ஒரு எடத்துல போட்டுட்டு கேட்டுக்குப் போயிருவாரு, பைப்பு கெடந்த எடம் கொளம், பத்தடி தள்ளி பாலைவனம். உச்சி வெயில்ல விட்டா ஆவியாப் போறதும் கூடுதல்.

இங்கதான் தோட்டக்காரய்யா வர்றாரு. நரசிங்கத்துக்காரரு, அறுபது வயசு தாண்டிருச்சு, முன்னாடி ஒரு காலேஜ் கிரவுண்டப் பாத்தவரு. காண்ட்ராக்ட் வேண்டாம் நம்மளே ஆளு வைப்போம்னு முடிவானப்ப மண்டபத்துக்கு சமையக்காரரு கூட்டிட்டு வந்தாரு. புல்லச் சுத்தி ஒரு நடை நடந்துட்டு என்கிட்ட கேட்ட மொதக் கேள்வி, "தம்பி, அடுப்பு வைக்கிற எடத்துல எதுக்கு புல்லு?"

நாங்க யாரும் அத யோசிக்கல. லானோட கெழக்கு ஓரம் 5,000 சதுர அடி, அங்கதான் எப்பவும் தோசைக் கல்லு, பஜ்ஜிச் சட்டி, ஐஸ்கிரீம் வண்டி, ஜெனரேட்டர் எல்லாம் நிக்கும். அந்த எடத்துல வருசத்துக்கு மூணு தடவ புல்லு செத்து மூணு தடவ ஒட்டிருக்கோம். சுட்ட எண்ணெய் ஊத்துன மண்ணுல புல்லு எங்க வேரு பிடிக்கும். அங்க புல்ல எடுத்துட்டு நாலு இஞ்ச் கிராவல் போட்டு ரோலர் விட்டோம். 5,000 அடிக்கு நாலு இஞ்ச்னா 1,667 கன அடி, 17 யூனிட் மண்ணு (மண்ணுல ஒரு யூனிட்னா 100 கன அடி), யூனிட் 3,000 ரூபா, ரோலரு ஆளு எல்லாம் சேத்து 65,000 ஆச்சு. இது ஒரு தடவச் செலவு, பராமரிப்புல சேக்கல, ஆனா மறைக்கவும் கூடாதுன்னு தனியா எழுதி வச்சுருக்கேன்.

புல்லு 19,000 அடியா, 1,765 சதுர மீட்டரா சுருங்கிருச்சு. மொத்தச் செலவக் கொறச்சதுல பாதி வேலைய இந்த ஒரு முடிவு பாத்துச்சுன்னு சொல்வேன். நாளைக்கு 5 மில்லிமீட்டருக்கு 8,800 லிட்டர் போதும். அய்யா தெனமும் தண்ணி விடல, ஒருநாள் விட்டு ஒருநாள், விடியக்காலம் அஞ்சு மணிக்கு, ஸ்பிரிங்க்ளர் நாலு வாங்கி மாத்தி மாத்தி வச்சு. ஆழமா நனைஞ்சாத்தான் வேரு கீழ எறங்கும், தெனம் மேலாப்புல தெளிச்சா வேரு மேலயே நிக்கும், ஒரு நாள் தண்ணி இல்லன்னா காஞ்சு போயிரும்ங்கிறது அவரு கணக்கு. கைகழுவுற தண்ணிய இங்கிட்டுத் திருப்பி விடலாமான்னு மொதலாளி கேட்டாரு, எண்ணெயும் சோப்பும் ஆகாதுன்னு அய்யா ஒரே வார்த்தையில முடிச்சுட்டாரு. விவசாயக் கல்லூரி பக்கத்துலயே இருக்கு, மண்ணையும் போர்த் தண்ணியையும் டெஸ்ட்டுக்குக் குடுத்தோம், தண்ணில உப்பு இருக்குன்னு வந்துச்சு, ஓரத்துல வெள்ளையாப் பூக்குறது அதுதான்னு அப்பத்தான் புரிஞ்சது.

இனி ஆள் கணக்கு. மெஷின வச்சு 19,000 அடிய வெட்டி, பையில சேந்த புல்லக் கொட்டி, ஓரத்த பிரஷ் கட்டர்ல கட்டி, கூட்டி அள்ள ஒரு ஆளுக்கு முழுசா ஒரு நாள் வேலை. மழைக்காலத்துல வாரம் ஒருக்கா, கோடையில ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா, ஆக வருசத்துக்கு 40 வெட்டு. ஒரு தடவைக்கு புல்லோட ஒசரத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல வெட்டக்கூடாது. பங்ஷன் நாளைக்கேன்னு இன்னிக்கி மொட்ட அடிச்சா கீழ இருக்குற வெள்ளத் தண்டு தெரிஞ்சு மஞ்சளா நிக்கும், முகூர்த்தத்துக்கு மூணு நாள் முன்னாடி வெட்டுனாத்தான் அன்னிக்கி பச்சையா இருக்கும். மொத வருசம் தடவைக்கு 3,000 குடுத்து முந்தின நாளு வெட்டுனோம்ல, காசு குடுத்து புல்லக் கெடுத்திருக்கோம். கோடையில பிளேட ஏத்தி ரெண்டு இஞ்சுக்கு விட்டாரு, நெழல் விழுந்தா மண்ணு சீக்கிரம் காயாது.

நான் போட்ட ஷீட்டு இப்படி வந்துச்சு. அய்யா சம்பளம் மாசம் 16,000, தீபாவளிக்கு ஒரு மாசச் சம்பளம் போனஸ், 2,08,000. களை எடுக்குற அக்காமாரு 110 ஆள் நாள், 450 ரூபா கூலி, 49,500. மெஷின் 42,000க்கு வாங்குனது, அஞ்சு வருசம் ஓடும்னு வச்சு வருசத்துக்கு 8,400, பிளேடு சர்வீசு 6,000, பெட்ரோலு வெட்டுக்கு ரெண்டு லிட்டர் வீதம் 80 லிட்டர் ரவுண்டா 8,000, ஆக 22,400. உரம் மருந்து 20,000. மேல மண்ணு போடுறது 15,000. லாரி 28 லோடு 39,200. மோட்டார் கரண்டு 22,000. ஒட்டு வேலை 1,000 அடி 18,000. கூட்டுனா 3,94,100, அதுல பத்து சதவீதம் 39,400 கையிருப்பு, மொத்தம் 4,33,500.

மொதலாளி இதப் பாத்துட்டு "போன வருசம் போட்டதும் இதேதானய்யா?"ன்னாரு. தொகை அதேதாண்ணே, ஆனா போன வருசம் அது கொட்டேஷன், இந்த வருசம்தான் பட்ஜெட்டுன்னேன். அவரு ஒண்ணும் சொல்லல, கையெழுத்துப் போட்டாரு.

உரத்துக்கு ஒரு வார்த்தை. கடைக்காரரு சொல்றத எல்லாம் வாங்குனா 50,000கூட ஆகும். நாங்க வச்சுக்கிட்ட அளவு, ஒரு தடவைக்கு சதுர மீட்டருக்கு 5 கிராம் தழைச்சத்து. 1,765 மீட்டருக்கு 8.8 கிலோ. 17:17:17 காம்ப்ளெக்ஸ் உரம் (தழை, மணி, சாம்பல் சத்து மூணும் 17 சதவீதம்) 50 கிலோ மூட்டையில தழைச்சத்து 8.5 கிலோ இருக்கு, ஆக ஒரு தடவைக்கு ஒரு மூட்டை, வருசத்துக்கு நாலு மூட்டை, கதை முடிஞ்சது. மிச்சம் வேப்பம்புண்ணாக்குக்கும், கறையானுக்கு மருந்துக்கும்.

எங்ககிட்ட ஆளு மொத்தமே பத்துக்குக் கீழ, அதனால இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) வரல. பத்து ஆயிருந்தா மொதலாளி பங்கு 3.25 சதவீதம், அய்யாவுக்கு மட்டும் மாசம் 520 கூடும், பட்ஜெட் போடுறவங்க இத மறக்காதீங்க. காண்ட்ராக்ட விட்டுட்டு சொந்த ஆளுன்னா லீவும் நம்ம தலையிலதான். சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் ஆத்துல எறங்குறப்ப அய்யா நாலு நாள் வரமாட்டாரு, அது கேக்காமலே தெரிஞ்ச லீவு. அதே வாரம் வெயிலும் உச்சத்துல இருக்கும், அந்த நாலு நாளைக்கு தண்ணி விட மாத்து ஆளு முன்கூட்டியே பேசி வைக்கணும். காண்ட்ராக்டரு இருந்தா மெஷின் ரிப்பேரானாலும் வேற மெஷினோட வருவாரு, அதையும் ஒத்துக்கத்தான் வேணும். அவரு மாசம் வாங்குன 30,000ல ஆள் கூலி 16 ஆள் நாளுக்கு 650 வீதம் 10,400தான் வருதுன்னு கணக்குப் போட்டு நாங்க கொதிச்சோம், ஆனா வண்டி, மெஷின், சூப்பர்வைசரு, ஆளு வராத நாள் எல்லாம் அதுக்குள்ளதான். சின்ன எடம்னா அவருதான் லாபம், அரை ஏக்கருக்கு பக்கத்துல போனா சொந்த ஆளு கட்டுப்படியாகும், இது என் அனுபவம் மட்டும்தான்.

வருசத்துக்கு வந்ததப் பன்னெண்டால வகுக்காதீங்கன்னு எல்லாரும் சொல்வாங்க, நானும் கோடையில பணம் பறக்கும் மழையில மிஞ்சும்னு நெனச்சுத்தான் மூணு மூணு மாசமாப் பிரிச்சேன். வந்தது வேற மாதிரி. ஏப்ரல் டூ ஜூனும் அக்டோபர் டூ டிசம்பரும் கிட்டத்தட்ட ஒரே தொகை. வெயில் காலத்துல லாரியும் கரண்டும் தின்னுது, மழைக் காலத்துல லாரி நின்னு போகுது, ஆனா களை அப்பத்தான் மொளைக்குது, வாரா வாரம் மூணு அக்கா உக்காந்தாலும் தீராது, தீபாவளி போனசும் அப்பத்தான். சும்மா கெடக்குற மாசம்னா ஆடி, புரட்டாசி, மார்கழி, முகூர்த்தம் இல்லாத மாசங்க. ஆடியில கம்பி வச்சுக் குத்தி மண்ணத் தளர்த்துறது, ஒட்டு வேலை எல்லாம் முடிச்சு, புரட்டாசியில மேல மண்ணப் பரப்பிட்டா ஐப்பசி மழை பாத்துக்கும். புக்கிங் டைரிய எடுத்து வச்சுத்தான் இந்த மாசத்தையெல்லாம் குறிச்சேன், புல்லுக்கு பட்ஜெட் போட பஞ்சாங்கம் தேவைப்பட்டது சிரிப்பாத்தான் இருந்துச்சு.

டேமேஜுக்கு ஒரு வழி பண்ணுனோம். பார்ட்டிகிட்ட 5,000 டெபாசிட், லானுக்குள்ள பந்தக்காலு நடக்கூடாது, கிராவல தாண்டி அடுப்பு வரக்கூடாது, பங்ஷன் முடிஞ்ச மறுநாள் அய்யா பாத்து ஓகே சொன்னா திரும்பக் குடுத்துருவோம். பந்தல்காரங்க மொதல்ல மொறச்சாங்க, அப்புறம் அடியில சிமெண்டு பிளாக் வச்சு கம்பத்த நிறுத்தப் பழகிட்டாங்க. அந்த வருசம் ரெண்டு பார்ட்டிக்குத்தான் பிடிச்சோம்.

அப்ப எல்லாம் சரியாப் போச்சான்னா இல்ல. மேல மண்ணுக்கு 1,765 மீட்டருக்கு 5 மில்லிமீட்டர் கனம்னா 8.8 கன மீட்டரு, அதாவது 3 யூனிட். செம்மண்ணும் தொழு உரமும் கலந்து சலிச்சுப் போடணும்னு அய்யா சொல்லியிருந்தாரு. லாரிக்காரரு அன்னிக்கி செம்மண்ணு இல்ல, கண்மாய் மண்ணு நல்ல மண்ணுன்னு ஒரு யூனிட்ட எறக்கிட்டுப் போயிட்டாரு, அய்யா அன்னிக்கி லீவு, கையெழுத்துப் போட்டு எறக்குனது நான்தான். யூனிட்டுக்கு 500 ரூபா கொறச்சாருன்னு சந்தோசம் வேற. மழை விழுந்து ரெண்டு வாரத்துல பாத்தா மேடைக்கு முன்னாடி பூரா கோரை. கண்மாய் மண்ணுக்குள்ள இருந்த கோரைக்கிழங்கு எல்லாம் எங்க புல்லுக்குள்ள மொளைச்சுருச்சு. மேலாப்புல வெட்டுனா அது சாகாது, கிழங்கோட தோண்டணும், தோண்டுன எடத்துல நாலு நாள் கழிச்சு திரும்ப எட்டிப் பாக்கும். அதுக்கு மட்டும் கூடுதலா 40 ஆள் நாள், 18,000 ரூபா. 500 ரூபா மிச்சம் பிடிச்ச லட்சணம் இது. அய்யா திட்டல, "எறக்கும்போது ஒரு போனு போட்டிருக்கலாம் தம்பி"ன்னாரு, அதுக்குத் திட்டியிருக்கலாம்.

லாரியும் 28ல நிக்கல, 33 ஆச்சு, 7,000 கூட. ஆக 3,94,100க்கு மேல 25,000 சேந்து 4,19,100ல வருசம் முடிஞ்சது. கையிருப்பு 39,400ல 14,400 மிச்சம். மொத வருசத்து 5,84,700ஓட வச்சுப் பாத்தா 1,65,600 கொறைஞ்சுருக்கு, அதுல கிராவல் 65,000 போனாலும் ஒரு லட்சம் நிக்குது.

இந்த தையில பழைய காண்ட்ராக்டரு போனு போட்டாரு, இப்ப 1 ரூபா 40 காசுக்கு பண்றேன் சார், உரமும் நாங்களே போடுறோம்னாரு. தண்ணி யாருதுண்ணேன்னு கேட்டேன். அது உங்களோடதுதான சார்னாரு. மொதலாளி இப்ப பார்க்கிங் பக்கமும் ஒரு 6,000 அடி புல்லு போடுவோமான்னு கேட்டுக்கிட்டு இருக்காரு. அவருக்கு 6,000 அடிக்கு 557 மீட்டரு, நாளைக்கு 2,800 லிட்டருன்னு ஒரு சீட்டுல எழுதி டேபிள் மேல வச்சுட்டு வந்துருக்கேன், பதில் இன்னும் வரல. செம்மண்ணு மட்டும் இந்த வருசம் அய்யாவ வண்டியில உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போயி, அவரு கையால அள்ளிப் பாத்த பெறகுதான் லாரில ஏத்துனோம்.